இரண்டுங்கெட்டான் படகு

கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு ஒட்டடைக் கம்புகளால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தார் சூப்பர்வைசர். இடது கம்பு சோபாவில் இடித்தது. வலது கம்பு மீன்தொட்டியை உரசியது.

"அப்பா, மீனெல்லாம் பயந்து ஓரமா ஒதுங்கிடுச்சு" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"துடுப்பு போட்டுப் பழகறேன். தோளுக்கு வேலை கொடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

டாக்டர் சொன்னது நடக்கச் சொல்லி. படகு அவருடைய சொந்தச் சேர்க்கை.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வாரம் முழுக்க அறுபது பேரை மேய்க்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கிடையாது, வீட்டை மேய்க்க வேண்டும். சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்க வேண்டும். கொடியில் காயும் துணிகளைத் திருப்பிப் போட வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் கரண்ட் எப்படி வீணாகிறது என்று மனைவிக்கு விளக்க வேண்டும். இந்தப் பொறுப்பையெல்லாம் உதறிவிட்டு, ஒரு ஞாயிறாவது ஏரி நடுவில் தனியாகக் கிடக்க வேண்டும் என்று வெகுநாளாக ஏங்கினார்.

ஒரே தடை, மனைவி. தான் இல்லாமல் ஒரு ஞாயிறைக்கூட அவளால் தள்ள முடியாது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. நேரடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். நொட்டை சொல்லியே கவிழ்த்துவிடுவாள்.

எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"இந்த ஒல்லிப் படகா?" என்றாள், அவர் நீட்டிய படத்தைப் பார்த்து.

"லேசானது. நாலு இழுப்பு இழுத்தா அந்தக் கரைக்குப் போயிடும்."

"இன்னும் நாலு இழுப்புல இந்தக் கரைக்கும் வந்துடுமே." சற்றே யோசித்தாள். "அதுக்கில்லைங்க, கை வலிக்கும். போன சுருக்குல திரும்பி வந்து, களிம்பு தேய்ச்சு விடுன்னு உட்காருவீங்க. பாய் கட்டின படகா பாருங்களேன்."

பாய்மரப் படகு விலை கூடுதல். விலையைக் காட்டி முடக்கப் பார்க்கிறாள் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"சரி, பாயே இருக்கட்டும்" என்றார் கெத்தாக.

கடையில் வழவழவென்று ஒரு படகைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். "காத்து பட்டா பறக்கும் சார்."

"எதிர்க்காத்து அடிச்சா?" என்றாள் மனைவி.

"அப்பவும் வளைஞ்சு வளைஞ்சு வந்து சேர்ந்துடும்மா. எங்க இருந்தாலும் கொஞ்ச நேரத்துல கரை."

அவள் முகம் வாடியது. "வேகமாப் போறது கவுந்துடாதா? இவருக்கு நீச்சல் வேற தெரியாது. இருக்கிறது ஒரே ஒரு புருஷன்."

அந்த ஒரே புருஷன் அப்போது பாய்க்கயிற்றில் கடைக்காரர் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, "முடிச்சுன்னா இப்படிப் போடணும்" என்று கடைக்காரருக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாடத்தின் முடிவில் பாய் சரசரவென்று இறங்கி மூவர் தலையையும் மூடியது.

பாய்க்குள்ளிருந்து வெளியே வந்த கடைக்காரர், அவிழ்ந்த கயிற்றையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புரியுதும்மா" என்றார். "சாருக்குத் தோதானது பின்கட்டுல இருக்கு."

பின்கட்டில் நீல நிறத்தில், குளியல் தொட்டிக்குப் பாய் முளைத்த மாதிரி ஒன்று இருந்தது.

"துடுப்பும் போடலாம், பாயும் விரிக்கலாம். ரெண்டுக்கும் ஆகும் சார்."

இரண்டுக்கும் ஆகும் என்று சொல்லி விற்கப்படுவது எதற்கும் ஆகாது என்பதைத் தொழிற்சாலையில் அவரே பலமுறை சொன்னதுண்டு. ஆனால் இப்போது மனைவியின் வாயை அடைப்பதே முக்கியம்.

"லேசா ஆடுதோ?" என்றாள் அவள்.

"அடியில ரெண்டு மணல் மூட்டை போட்டுடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"பாய் பெரிசா இருக்கே. பலமாக் காத்தடிச்சா?"

"பாதியா வெட்டிடுங்க."

"துடுப்பு பாய்க்கம்பத்துல இடிக்குதுங்க."

"அதையும் வெட்டிடுங்க. வேற ஏதாவது இருக்கா?"

வேறு ஒன்றும் இல்லை. அவள் அடங்கிப்போனாள். கடைக்காரரிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "இதுக்கு கேரண்டி உண்டா?" என்று கேட்டாள்.

"முழு கேரண்டிம்மா. இதுவரைக்கும் எந்த வீட்டிலேருந்தும் புகார் வந்ததில்ல."

கிளம்புகிற நாளில் அவளே லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். சாப்பாட்டுப் பையோடு ஒரு ஃபிளாஸ்க்கும் கைக்கு வந்தது.

"இது எதுக்கு?"

"சாயங்கால டீ. போனை வெச்சுட்டுப் போங்க, நனைஞ்சுடும்."

பாவம், வழியனுப்பும்போது கண்கூடக் கலங்கியிருந்தது. அவருக்கே கொஞ்சம் இரக்கமாக இருந்தது.

காலைக் காற்று படகை அலுங்காமல் ஏரி நடுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஆனந்தமாக இருந்தது. வெயில் ஏறியதும் ஆனந்தம் வியர்த்தது. வீட்டில் யாரும் கேட்பாரில்லாமல் டப்பாக்கள் இஷ்டத்துக்கு நிற்குமே என்ற நினைப்பு வந்தது. திரும்பிவிடலாம் என்று பாயை இழுத்தார். பாதிப் பாய் துவைத்த துணி போலத் தொங்கியது. துடுப்பை வீசினார். குட்டைத் துடுப்பு தண்ணீரை எட்டித் தொட்டுவிட்டு வந்தது. மணல் மூட்டையை எறிந்துவிடலாமென்று எழுந்தார், மூட்டை அசையவில்லை, படகு அசைந்தது. பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே ஒன்று, இங்கே ஒன்றாக அதே நீலப் படகுகள். அதே அரைப் பாய். ஒவ்வொன்றிலும் அவர் வயது ஆள் ஒருவர், லைஃப் ஜாக்கெட்டும் ஃபிளாஸ்க்குமாக.

பக்கத்துப் படகில் தலைக்குத் துண்டு போட்டிருந்தவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், கரைக்கு எப்படித் திரும்பறது? வீட்டுல நான் இல்லாம தவிச்சுப் போயிடுவாங்க" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

துண்டுக்காரர் ஒரு கவளத்தை நிதானமாக மென்று விழுங்கினார்.

"புதுசா? பதறாதீங்க. கரைப்பக்கம் காத்து சாயங்காலந்தான் திரும்பும். நம்ம வீட்டம்மாங்களுக்குக் கடைக்காரர் கொடுத்திருக்கிற கேரண்டியே அதுதானே."