இருபத்தாறாம் திகதிக் கலியாணம்

திருகோணமலை.

அன்பின் உம்மு குல்சும் ராத்தாவுக்கு, தம்பி கலீலுர் றஹ்மான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், என் தலையைத் தவிர. புத்தளத்தில் உங்கள் முழங்கால் எப்படி?

நிற்க. மகள் சனூஸாவின் கலியாணத்துக்கு நாள் பார்க்கப்போய் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஏப்ரலில் வைப்போம் என்று பக்கத்து வீட்டு றுவைஸ் மாஸ்டரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பென்ஷன் எடுத்த சரித்திர ஆசிரியர்; எந்த நாளில் உலகத்தில் என்ன நடந்தது என்று போனில் பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. ஒன்பதாம் திகதி என்றதும், "அண்டைக்குத்தானே ஜப்பான்காரன் நம்மட துறைமுகத்தில குண்டு போட்டவன்" என்றார். சரி, பதினைந்து என்றேன். டைட்டானிக் கப்பல் மூழ்கின நாளாம். என்னைப்போலத் துறைமுகத்தில் வேலை செய்தவன் வீட்டுக் கலியாணத்தை அன்றைக்கு வைத்தால் சனம் என்ன கதைக்கும் என்று கேட்டார். ஏப்ரலை விட்டு நவம்பருக்குப் போனால், இருபத்திரண்டில் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரைச் சுட்டுவிட்டார்களாம். "அவர் நமக்கு என்ன முறை, மாஸ்டர்?" என்றேன். இருந்தாலும் அந்த நாளும் மனதில் கெட்டுப்போயிற்று. நல்லது நடந்த நாள் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "நல்லதை ஆர் எழுதி வைக்கிறான்" என்றார்.

இதற்கிடையில் கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளை முனீப்புக்கு டிசம்பர் கடைசியில்தான் லீவு என்றாகிவிட்டது. மண்டபம் கேட்டால் இருபத்தாறாம் திகதி மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் என்று மண்டபக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுனாமி வந்த நாளை இந்தக் கரையில் யாருக்கு விளக்க வேண்டும்? என் மனுசி பரீதாவின் தங்கை நஸ்ரியாவைக் கிண்ணியாவில் கடல் கொண்டுபோனது அன்றுதான். அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. வருடாவருடம் அன்று அவள் பேரில் குர்ஆன் கத்தம் ஓதி, ஏழைகளுக்குச் சோறு கொடுத்துவிட்டு, பரீதா யாரோடும் கதைக்காமல் இருப்பது உங்களுக்கும் தெரியும்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் குசினிக்குள் போய்ப் பீங்கான் கழுவத் தொடங்கினேன். நான் பீங்கான் கழுவினால் ஏதோ கெட்ட செய்தி என்று அவளுக்குத் தெரியும். "சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு, "நஸ்ரியா இருந்திருந்தா இந்தக் கலியாணத்துக்கு முதல் ஆளா வந்து நிப்பாள்" என்றாள். "அண்டைக்கு எப்பிடியும் சோறு ஆக்கிறதுதானே. காலையில கத்தம் ஓதுவம், பின்னேரம் நிக்காஹ் வைப்பம். ஒருக்காவாவது அந்த நாள்ல இந்த வீட்டில ஆக்கள் சிரிக்கட்டும்." நான் கழுவின பீங்கானையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன், ராத்தா.

மாஸ்டரிடமும் சொன்னேன். இந்த முறை அவர் போனை எடுத்துப் பார்க்கவில்லை. "அந்த நாளுக்கு ஒண்டும் பாக்கத் தேவையில்ல. நான் வாறன்" என்றார்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். தொழுகையில் எங்களையும் நினைத்துத் துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
கலீலுர் றஹ்மான்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் முனீப் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். லீவு ஜனவரிக்குப் போய்விட்டதாம். நாளை மாற்றுவோமா என்று பரீதாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஏலாது, நான் ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்" என்கிறாள். ஆகவே நீங்கள் இருபத்தாறுக்கே வாருங்கள். சோறு நிச்சயம். மாப்பிள்ளையைப் பற்றித்தான் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல ஏலாது.