பத்துக் கை வைத்த சட்டை

அன்று காலை பள்ளிக்கூட வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து நாலு பேர் கூடுதலாக வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். இலவசம் இல்லை, விலைக்குத்தான் என்று தெரிந்த பிறகும் அவர்கள் போகவில்லை. முன்னால் இத்தனை பேர் நிற்கிறார்களே, சும்மாவா நிற்பார்கள்? மந்தைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்ன!

சுவரொட்டி கண்ணைப் பறித்தது. "ரத்த ஞானி ஊசலார் வருகிறார்! ஊசி இல்லை! வலி இல்லை! ஏழு சுவருக்கு அப்பால் இருந்தாலும் கெட்ட ரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் அதிசய ஊசல்! உங்கள் பிள்ளையைக் காக்க இன்றே வாங்குவீர் செப்புக் கவசக் காப்பு!" கீழே பெற்றோர் சங்கத் தலைவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவர் படம் ஊசலார் படத்தைவிடச் சற்றுப் பெரிது. சோபாக் கடை வைத்திருக்கிறார், எதையும் கொஞ்சம் அகலமாகச் செய்துதான் பழக்கம்.

இவ்வளவு தடபுடலும் யாருக்காக? ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்காக. கணக்கில் சுமார், ஓட்டத்தில் முதல். பிறந்ததிலிருந்தே அவளுக்கு எச்.ஐ.வி. உண்டு, அம்மாவிடமிருந்து வந்தது. வேளை தவறாமல் மாத்திரை போடுகிறாள், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறாள், மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். அப்பா இல்லை. அம்மா தையல்காரி. அந்தப் பள்ளிக்கூடத்தின் சீருடை அத்தனையும் பல வருஷமாக அவள் மெஷினில் தைத்ததுதான்.

பிள்ளை மாத்திரை போடுவது தெரிந்திருக்கட்டுமே என்று அம்மா வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைத்தாள். ஆசிரியை தன் சிநேகிதியிடம் சொன்னாள், கூடவே "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றும் சொன்னாள். ஒரு ரகசியத்துக்குச் சக்கரம் மாட்ட இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மறுநாள் மதியத்துக்குள் வாட்ச்மேன் வரைக்கும் சேதி போய்விட்டது.

அப்புறம் என்ன? அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து எழுப்பி வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பாடம் ஜன்னல் வழியாகக் கேட்கலாம் என்று பெரிய மனசோடு அனுமதி கொடுத்தார் தாளாளர். மழை பெய்தால் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இதையும் அவர் கருணை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்து பேசினார். "ஒண்ணா உக்காந்தா வராது. கை கொடுத்தா வராது. ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சாலும் வராது. கொசு கடிச்சாக்கூட வராது. அந்தப் பொண்ணு ஒழுங்கா மாத்திரை போடுறா. உங்க பிள்ளைங்களுக்கு அவளால ஒரு ஆபத்தும் இல்ல" என்றார். கேட்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அதிலும் பாதிப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

"காசு வாங்காமச் சொல்லிட்டுப் போறாரே, இதுல என்ன பெருசா இருக்கப்போகுது?" என்றார் சோபாக் கடைக்காரர். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆகவே காசு வாங்குகிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ஊசலார் பார்த்து உறுதி சொல்லிவிட்டால் திங்கட்கிழமையே பெண்ணின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. தாளாளர் கையெழுத்துகூடப் போட்டு வைத்துவிட்டார். பரீட்சைக்கு முன்பே விடைத்தாள் திருத்துகிற பள்ளிக்கூடம் அது.

ஊசலார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, வெள்ளைக் கார். கையில் ஒரு நூல், நூலின் நுனியில் கூம்பாக ஒரு பித்தளைக் குண்டு. கூட்டத்தில் நின்ற கொத்தனார் ஒருவர், "இது எங்க தூக்குக்குண்டு மாதிரி இருக்கே? சுவர் நேரா இருக்கான்னு பாப்போமே, அது" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "வாயை மூடிட்டு இருங்க, ஐயா காதுல விழுந்துடப்போகுது" என்று விலாவில் இடித்தாள்.

மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணைக் கடைசியில் நிறுத்தினார்கள். அவளுக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் ஒரு லாரி திரும்புகிற அளவுக்கு இடம். அத்தனை அப்பா, அத்தனை அம்மா, அத்தனை ஆசிரியர் கண்ணும் அவள் மேல்தான். ஊசலார் குண்டைத் தொங்கவிட்டபடி ஒவ்வொரு பிள்ளையாகத் தாண்டினார். குண்டு அசையவில்லை. கடைசிப் பெண்ணிடம் வந்ததும் கிறுகிறுவென்று சுற்றியது!

என்ன கைதட்டல்! என்ன மெய்சிலிர்ப்பு! "யாரும் சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டாரே!" என்று ஒரு அம்மா கண்ணீர் விட்டாள். சொல்லவில்லையாம்! ஊரே சேர்ந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றது, வாய்தான் திறக்கவில்லை.

அந்தப் பெண் தலையைக் குனியாமல்தான் நின்றாள். ஆனால் உதடு துடித்தது. கேட் ஓரமாக, கழுத்தில் போட்ட அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்த அவள் அம்மா, அந்த நாடாவின் இரண்டு முனையையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காப்பு விற்பனை அமோகமாகத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு விசில் சத்தம் கேட்டது. விளையாட்டு டீச்சர். புதிதாக வந்தவர். மற்ற ஆசிரியர்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுப்பார்கள், இவர் ஓடிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

"ஐயா, ஏழு சுவருக்கு அப்பால இருந்தாலும் உங்க ஊசல் காட்டிடுமாமே?"

"சந்தேகமா?" என்றார் ஊசலார்.

"ஐயய்யோ, அப்படிச் சொல்வேனா? ஏழு சுவருக்கு இப்ப எங்க போறது? ஒரே ஒரு துணி வச்சிருக்கேன். துணிக்குப் பின்னால பிள்ளைங்க நிப்பாங்க. கை மட்டும்தான் வெளிய வரும். எங்க கெட்ட ரத்தம்னு ஊசல் காட்டட்டும். எல்லாரும் கண்ணாரப் பார்த்துட்டா இன்னும் நாலு காப்பு சேர்த்து வாங்குவாங்கல்ல?"

"பிரமாதம்!" என்று துள்ளினார் சோபாக் கடைக்காரர். "என் பையனும் நிப்பான். ஐயாவோட மகிமை ஊருக்கே தெரியட்டும்!"

சங்கத் தலைவரே வாக்குக் கொடுத்த பிறகு ஊசலார் என்ன செய்வார்? தாடியைத் தடவினார். சுவரொட்டியில் அந்தச் சுவர் பேச்சையே எடுத்திருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியிருக்கும்.

இந்தத் துணிக்கு ஒரு முன்கதை உண்டு. சுவரொட்டி ஒட்டிய அன்று சாயங்காலமே டீச்சர் தையல்காரி வீட்டுக்குப் போயிருந்தார். யோசனையைக் கேட்டதும் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டாள்.

"ஏற்கெனவே நாற்காலி போட்டு வேடிக்கை பாக்குறாங்க. இன்னும் ஒரு தடவை என் பொண்ணை எல்லார் முன்னாடியும் நிறுத்தச் சொல்றீங்களா டீச்சர்?"

பதில் சொன்னவள் பெண்தான்.

"நான் போறேம்மா. மூஞ்சி தெரியாதுல்ல? கை மட்டும்தானே? கையை வச்சு நான் யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது. எல்லாக் கையும் ஒரே மாதிரிதானே இருக்கும்."

தையல்காரி அளவு நாடாவை எடுத்தாள்.

அவள் தைத்துக் கொடுத்தது ஒரு நீளமான திரை. அதில் சட்டைக்கு வைப்பதுபோல வரிசையாகப் பத்துக் கை. ஒவ்வொரு கையின் நுனியும் மூடித் தைத்தது. உள்ளே யார் கை என்று நிறமும் தெரியாது, நகமும் தெரியாது. பத்துக் கை வைத்த சட்டையை ஊர் அதுவரை பார்த்ததில்லை. அதை இப்போது கோல்போஸ்ட்டில் கட்டினார்கள்.

டீச்சர் கூப்பிட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் ஓடினார்கள், அந்தப் பெண்ணும் கூடவே. இடம் மாறி, மறுபடி மாறி, சிரித்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் திரைக்கு முன்னால், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் திரும்பி நிக்கிறீங்க?" என்றார் தாளாளர்.

"யார் எங்க நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியாது சார். இருந்தாலும் என் மூஞ்சியைப் பார்த்து ஊசல் குழம்பிடக்கூடாதுல்ல?"

ஊசலார் பத்துக் கைகளையும் பார்த்தார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரையே பார்த்தது. யாருக்கும் எதுவும் தெரியாததால் யார் கண்ணும் எங்கும் போகவில்லை. பாவம், அவருடைய உண்மையான ஊசல் கூட்டத்தின் கண்தான். அது அன்றைக்கு வேலை நிறுத்தம்.

ஆனால் தொழில்காரர் அல்லவா? வேறு வழி யோசித்தார். பயந்த பிள்ளை அசையாது, அடங்கி ஒடுங்கி நிற்கும். இத்தனை நாள் ஒதுக்கிவைத்த பிள்ளை அப்படித்தானே நிற்கும்? பத்துக் கையில் ஒன்பது சும்மா இல்லை. ஒன்று சொறிந்தது, ஒன்று ஆடியது. ஏழாவது கை துணிக்குள்ளேயே கட்டைவிரலை உயர்த்தி வெற்றி காட்டியது. நாலாவது கை மட்டும் மூச்சுக்கூட விடாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊசலார் முகம் மலர்ந்தது. முதலில் ஏழாவது கையிடம் போய் அதைத் துணியோடு இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அடடா! இதுதான் ரத்தம்! பத்தரை மாற்றுத் தங்கம்!" என்றார். பிறகு நாலாவது கைக்கு வந்தார். குண்டு சுற்றியது. அப்படிச் சுற்றியது, அவர் தாடியே கூடச் சேர்ந்து சுற்றியது.

"விஷம்! முழுக்க விஷம்!"

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?" என்றார் டீச்சர்.

"என் ஊசல் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல!"

டீச்சர் உடனே திரையை விலக்கவில்லை. வேண்டுமென்றேதான். முன்வரிசையில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இருந்தார்கள். நாலாவது கை யாருடையது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

"ஏம்மா, நம்ம பய எந்தக் கைன்னு சொன்னானா?" என்று சோபாக் கடைக்காரர் மனைவியிடம் குசுகுசுத்தார்.

"அவன் எப்பவும் ஆடிக்கிட்டேதாங்க இருப்பான்" என்றாள் அவள். "இன்னைக்குன்னு பார்த்து... காலையிலருந்து கொஞ்சம் அமைதியா இருந்தான்."

இதைக் கேட்ட பக்கத்து நாற்காலிக்காரர் மெதுவாக எழுந்து தள்ளி உட்கார்ந்தார். அவருக்கு அடுத்தவர் அவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார். பின்வரிசை மொத்தமும் முன்வரிசையை விட்டு நகர்ந்தது. சோபாக் கடைக்காரரைச் சுற்றி இப்போது ஒரு லாரி திரும்பலாம். ஒரு மாதமாக ஒரு வீட்டில் என்ன நடந்ததென்று அந்த நிமிஷத்தில் முன்வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்தது.

"டீச்சர், தொறந்து காட்டுங்க!" என்று கத்திவிட்டார் அவர். "என் பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது!"

தையல்காரி கத்தரிக்கோலோடு நடந்து வந்தாள். நாலாவது கையின் நுனியை வெட்டினாள். உள்ளேயிருந்து பொலபொலவென்று கொட்டின, நீலத் துணித் துண்டுகள்.

"இது உங்க பிள்ளைங்க சீருடை வெட்டினப்ப விழுந்த துண்டு. இதுக்கு ரத்தம் எப்ப வந்துச்சு?" என்றாள்.

திரைக்குப் பின்னால் ஒன்பது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழாவது கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள் வராந்தா நாற்காலிக்காரி. பத்தரை மாற்றுத் தங்கம்!

ஊசலார் லேசுப்பட்டவரா? "துணிக்கும் தோஷம் உண்டு! அவ அம்மா கை பட்ட துணியாச்சே, அதான் ஊசல் சுத்துது!" என்று முழங்கினார்.

கூட்டம் ஒரு கணம் நிஜமாகவே தலையாட்டப் பார்த்தது. தையல்காரி விடவில்லை.

"அப்படியா? உங்க பிள்ளைங்களைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. போட்டிருக்கிற சட்டை யார் தச்சது? பட்டன் யார் கட்டினது? ஊசி குத்தாத நாள் இருக்கா எனக்கு? இத்தனை வருஷமா நான் தச்ச சட்டை உங்க பிள்ளைங்க உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு, நோய் ஒட்டல. என் பொண்ணு பக்கத்துல உக்காந்தா மட்டும் ஒட்டிக்குமா?"

ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையின் சட்டையைப் பார்த்தார்கள். அப்போது ஒரு கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வெள்ளைக் கார் கிளம்பிவிட்டது. அவசரத்தில் ஊசலை விட்டுவிட்டுப் போயிருந்தார். கொத்தனார் அதை எடுத்து வகுப்புச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"நான் சொல்லல? தூக்குக்குண்டேதான். உங்க சுவர் கோணல் சார்" என்றார் தாளாளரிடம். அந்த ஊசல் அன்று சொன்ன ஒரே உண்மை அதுதான்.

தாளாளர் டி.சி.யை நாலாகக் கிழித்தார். வகுப்பு ஆசிரியை அழுதுகொண்டே அந்தப் பெண்ணின் பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் அவளுடைய பழைய பெஞ்சில் வைத்தாள். தையல்காரி அப்போதுதான் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

எல்லாம் முடிந்த பிறகு சோபாக் கடைக்காரர் டீச்சரிடம் மெதுவாக வந்தார். "எல்லாம் சரி டீச்சர். இருந்தாலும் அந்தக் காப்பைப் பிள்ளை கையிலேயே விட்டுவைக்கலாமா? கெட்டது ஒண்ணும் செய்யாதுல்ல?"

டீச்சர் வராந்தாவைக் காட்டினார். "அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கு சார். யோசிச்சு முடிக்கிற வரைக்கும் உக்காருங்க. மழை வந்தா கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாம்."

அடுத்தவர் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று நூல் கட்டிப் பார்க்கும் புண்ணியவான்களே! உங்கள் ரத்தம் மூளை வரைக்கும் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.