மெக்சிக்கோ ஆளுநரும் கிரான்பர்ன் மண்டபமும்

"அருந்தவன், நான் எப்ப பாலத்துக்கு என்ர அம்மான்ர பேர் வைச்சனான்?"

தொலைபேசியில் மகேந்திரராஜா. மெல்பேர்னில் உள்ள கிரான்பர்ன் தமிழர் ஒன்றியத்தின் தலைவர். ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர்.

"நீங்கள் வைக்கேல்லை அண்ணை. மெக்சிக்கோவில ஒரு மாநில ஆளுநர் வைச்சவர். அவரைப் பற்றின கட்டுரைதானே அது."

"சனம் அப்பிடி நினைக்காது. எங்கட மண்டபத்தில தேத்தண்ணி கொதிக்கிற பெரிய பாத்திரத்தில ஆரின்ர பேர் கிடக்கு?"

ஒன்றியத்துக் காசில் வாங்கிய அந்தப் பாத்திரத்தின் வயிற்றில் 'அமரர் தில்லையம்மா நினைவாக' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. தில்லையம்மா தலைவரின் தாயார்.

ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு அருந்தவன்தான் ஆசிரியர். போன வருடம் கத்தரிக்காய் விலையைப் பற்றி எழுதி, விளம்பரம் தந்த மூன்று கடைக்காரரோடு பேச்சு அறுந்துபோயிற்று. "இந்த முறையாவது எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத தூர இடமாப் பாத்து எழுதுங்கோ," என்று மனைவி ரஞ்சினி சொல்லியிருந்தார். அருந்தவன் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து மெக்சிக்கோவில் இறங்கினார். ஊழல் வழக்கில் மாட்டிய டொன் எவரிஸ்தோ என்ற ஆளுநரின் வரலாறு, ஆறு பக்கம். சிற்றூர்ப் பத்திரிகையில் தொடங்கி, மேயராகி, ஆளுநராகி, பாலத்துக்குத் தாயின் பெயரை வைத்து, கட்டிலே இல்லாத ஒரே ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை நாடா வெட்டி, பொலிஸ் வந்த அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது வரை எல்லாம் இருந்தது. மலர் அச்சுக்குப் போக முன்னர் கமிற்றிக்கு ஒரு பிரதி அனுப்புவது வழக்கம். அனுப்பினார். அங்கேதான் வினை.

"மாத்திப்போடுறன் அண்ணை."

"மாத்துங்கோ. மயூரான்ர அரங்கேற்றத்துக்கு மண்டபம் குடுக்கிற கதையும் கமிற்றிக்கு வருகுது. ஞாபகத்தில வைச்சிருங்கோ."

அருந்தவனுக்கு அது மறக்கிற விஷயமா? மகள் மயூராவுக்குப் பதினைந்து வயது. அரங்கேற்றம் மார்ச் இரண்டாம் சனி. நானூறு அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. சென்னையிலிருந்து மிருதங்கக்காரர் ரிக்கெற் எடுத்துவிட்டார். இந்த மண்டபத்தை விட்டால் மெல்பேர்னில் இன்னொரு மண்டபம் மயூராவின் மகளுடைய அரங்கேற்றத்துக்குத்தான் கிடைக்கும்.

அருந்தவனின் தகப்பன் புடவைக்கடை வைத்திருந்தவர். ஒரு நிறம் பிடிக்கவில்லை என்றால் முகம் சுளிக்காமல் அடுத்ததை விரித்துக் காட்டுவது இரத்தத்தில் ஊறியது. ஆகவே அருந்தவன் தாயை மடித்து வைத்துவிட்டு மாமியாரை விரித்தார். டொன் எவரிஸ்தோ பாலத்துக்குத் தன் மாமியாரின் பெயரை வைத்தார்.

திருத்திய பிரதி கமிற்றிக்குப் போய் அரை மணித்தியாலத்தில் செயலாளர் கணேசலிங்கம் அழைத்தார்.

"என்ர மாமி உனக்கு என்ன செய்தவ?"

"ஒண்டும் செய்யேல்லையே அண்ணை!"

"எல்லா விழாவிலயும் முதல் வரிசையில நடுக் கதிரை என்ர மாமிக்கு எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ பாலத்தில ஏத்திவிட்டிருக்கிறாய்."

அருந்தவன் மாமியாரையும் மடித்தார். பாலத்தையே தூக்கினார். அந்த இடத்தில், ஆளுநரின் பெறாமகள், அதாவது தம்பியின் மகள், மாநிலப் பாட்டுப் போட்டியில் ஐந்து வருடம் தொடர்ந்து முதற்பரிசு பெற்றதாக எழுதினார். பாட்டுப் போட்டி யாரைச் சுடப்போகிறது?

மகளிர் அணித் தலைவி சிவனேஸ்வரி அன்ரியைச் சுட்டது. அன்ரி தொலைபேசியில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, என்ர தங்கச்சின்ர பிள்ளை பேச்சுப் போட்டியில அஞ்சு வருஷம் முதலாவதா வந்தது தன்ர திறமையில!"

"அன்ரி, இது பாட்டுப் போட்டி."

"அதைத்தான் சொல்லுறன். பேச்சைப் பாட்டெண்டு மாத்தினா எங்களுக்கு விளங்காதெண்டு நினைச்சீரோ? நடுவரா இருந்தவ நான்தானே!"

கதவைச் சாத்திவிட்டு வந்தவரை ரஞ்சினி பார்த்தார்.

"மெக்சிக்கோ தூரமெண்டு சொன்னீங்கள்?"

"பக்கத்து றோட்டுப் போல கிடக்கு," என்றார் அருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகேந்திரராஜா வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி அவசரக் கூட்டம். ரோல்ஸ், தேத்தண்ணி, ஆளுக்கொரு சிவப்புப் பேனை. கட்டுரை நடுவில் கிடந்தது, விலை பேச வந்த மீனைப் போல. ஒவ்வொருவரும் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரியை மூண்டு தரம் திறந்தது வேண்டாம்," என்றார் தலைவர்.

"ஏன் அண்ணை, ஆஸ்பத்திரிதானே?"

"எங்கட நூலகத்தை நான் எத்தினை தரம் திறந்தனான்?"

ஒன்றியத்தின் நூலகம் இரண்டு அலுமாரி. மூன்று தரம்தான். ஆஸ்பத்திரி போயிற்று.

"நெஞ்சுவலியை எடு," என்றார் கணேசலிங்கம். பொதுக்கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்க எழும்பினால் அவருக்கு நெஞ்சு வலிக்கும் என்பது கிரான்பர்ன் முழுக்கத் தெரிந்த வருத்தம்.

"அண்ணை, அதுதான் கட்டுரையின்ர உச்சக்கட்டம்!"

"அப்ப எனக்கு இப்பவே வலிக்குது."

நெஞ்சுவலியும் போயிற்று. பேரம் படிந்து வந்த நேரத்தில் சிவனேஸ்வரி அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். "ஆளுநர் எண்ட சொல்லே வேண்டாம். பதவி எண்டா சனம் உடன தலைவரைத்தான் பாக்கும். மெக்சிக்கோவும் வேண்டாம். ஏன் இவ்வளவு தூரம் சுத்தினவர் எண்டு யோசிக்கும். தலைப்பையும் எடும்."

ஆறு பக்கத்தில் மிஞ்சியது முதல் பந்தி. அதில் தங்களைத் தேடி எல்லாரும் ஒருமுறை வாசித்தார்கள். பாலம் இல்லை, மாமியார் இல்லை, போட்டி இல்லை, நெஞ்சும் இல்லை. ஒருவரும் பேனையை எடுக்கவில்லை.

"இப்பத்தான் கட்டுரை," என்றார் மகேந்திரராஜா. ஒரு ரோல்ஸை எடுத்துத் தன் கையாலேயே அருந்தவனின் தட்டில் வைத்தார். "மார்ச் இரண்டாம் சனி மண்டபம் உங்களுக்கு. நீர் எங்கட பிள்ளை, வாடகையும் வேண்டாம்."

அருந்தவன் பந்தியை அங்கேயிருந்தபடியே வெரிபீயில் அச்சகம் வைத்திருக்கும் பிரவீணாவுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் பாடிக்கொண்டே கார் ஓட்டினார். மயூரா துள்ளிக் குதித்தாள். ரஞ்சினி மட்டும் கேட்டார்:

"அப்ப கட்டுரையில என்ன மிச்சம்?"

"ஒருத்தரையும் தொடாத ஒரு பந்தி. இந்தக் கிரான்பர்னிலயே ஒரு ஆள், அது நான்தான் எண்டு வந்து சண்டை பிடிக்கேலாது!"

வியாழக்கிழமை காலை பிரவீணா அழைத்தார். சென்னைப் பெண், வேலை சுத்தம், பேச்சு வேகம்.

"சார், ஐந்நூறு காப்பியும் அடிச்சாச்சு. வந்து எடுத்துக்கலாம். ஆனா ஒரு சந்தேகம், நீங்க கடைசியா அனுப்பின பாராவுக்குத் தலைப்பே இல்லையே?"

"தலைப்பு எடுத்தாச்சு. அது சும்மா ஒரு சின்னப் பந்திதானே."

"அப்படிச் சொல்லாதீங்க சார். நான் மூணு தடவை படிச்சேன். இருங்க, வாசிக்கிறேன்: 'அவர் முதலில் ஒரு சிறு சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். பெரிய மனிதர்களுக்குப் பிடிக்காத வரிகளை, அவர்கள் கேட்டவுடன் வெட்டிக் கொடுப்பார். அதற்கு நன்றியாக, பதினைந்து வயது மகளின் விழாவுக்கு ஊர் மண்டபம் அவருக்கு வாடகையில்லாமல் கிடைத்தது. அவருடைய பொதுவாழ்வு இப்படித்தான் ஆரம்பமானது.'"

அருந்தவன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"பிள்ளை... அதை எந்தப் பக்கத்தில போட்டனீங்கள்?"

"முதல் பக்கம் சார். இவ்வளவு உண்மையா தன்னைப் பத்தி யார் சார் எழுதுவாங்க? உங்க போட்டோவைப் பெருசா வச்சு, மேல 'ஆசிரியர் பற்றி'ன்னு போட்டுட்டேன்!"