என் தேர்தல் போஸ்டரும் மச்சான் கொண்டுவந்த கோடிச் சேலையும்

கவிஞன் தேர்தலில் நிற்கலாம், தப்பில்லை. ஆனால் தன் போஸ்டரைத் தானே எழுதக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஈரோட்டுப் பக்கம் எங்கள் பேரூராட்சியில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாலு வரி எழுதித் தருவது நான்தான். (இலவசம். அதனால்தான் அவ்வளவு புகழ்.) மஞ்சள் மண்டி முதலாளியும் என் வரிகளோடுதான் போய்ச் சேர்ந்தார், தறி ஓட்டியவரும் அப்படித்தான். என் நடை ஊருக்கே அத்துப்படி.

எங்கள் வீதிக்கு வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வரும். கவுன்சிலரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நானே சுயேச்சையாக நின்றேன். சின்னம் மெழுகுவத்தி. ஜெயித்தே தீருவேன் என்று மனதார நம்பினேன். ஓட்டுக் கேட்டால் கவிதை கெட்டுவிடும் என்று அதை மட்டும் விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கீழே எழுதினேன்:

உங்கள் வீதியில் நடந்த கால்கள்
இனி உங்கள் நெஞ்சில் நடக்கும்.
வீடு துறந்து வந்துவிட்டேன்,
விளக்காக உங்களோடு இருப்பேன்.

அச்சகக்காரர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கவிதையின் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.)

போஸ்டர் ஒட்டிய அன்று காலையில் மளிகைக்கடை பழனிச்சாமி அண்ணன் ரோஜா மாலையோடு வந்தார். பிரசாரம் சூடு பிடித்துவிட்டது என்று பூரித்துப்போய்க் கழுத்தை நீட்டினேன். என்னைப் பார்த்ததும் அவர் மாலையைக் கீழே போட்டது போட்டபடி ஓடியதுதான் தெரியும்.

அடுத்து பவானியிலிருந்து என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அடித்துப்பிடித்து வந்திறங்கினார். யாரோ போஸ்டரைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கையில் கோடிச் சேலை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் எடுத்து வரும் சேலை அது. என்னைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"ஏனுங்க மாப்ளே, உசுரோட இருக்கறத ஒரு ஓரத்துலயாவது போட்டிருக்கலாமுங்களே" என்றார்.

என் மனைவி சாந்தாமணி சேலையை ஒரு பார்வை பார்த்தாள். "வண்டியிலயே வெச்சிருங்கண்ணா. இன்னொரு போஸ்டரு எழுதுனார்னா நானே கொன்னுபோட்டு வாங்கிக்கறேன்."

பதறிப்போய் ஆட்டோவில் மைக் கட்டி, உயிரோடுதான் இருக்கிறேன் என்று வீதி வீதியாக அறிவித்தேன். பாவம், முன்கூட்டியே பேசிப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ஊர் உச்சுக்கொட்டியது.

ஓட்டுப் போடும் நாளில் டீ வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். வாக்குச்சாவடியிலிருந்து வந்த எதிர்வீதிப் பெண்மணி ஒருவர் சாந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கமான மனுசனுங்க அம்மணி. இருந்திருந்தா அவருக்கேதான் போட்டிருப்பேன்."

தோற்றேன். வெட்கத்தில் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. (அது வதந்திக்கு இன்னும் வசதியாகிவிட்டது.)

தண்ணீர் இப்போதும் வாரம் ஒருமுறைதான். அன்றைக்கு நான் குடம் தூக்காமல் ஏதாவது எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், என் மகள் சாந்தாமணியிடம் பெருமூச்சோடு சொல்வாள்: "விடுங்கம்மா. அப்பா இருந்திருந்தா தூக்கியிருப்பாருங்க."