அழுகை மட்டும் ஏறிய படகு

பயந்த சுபாவமுள்ளவர்கள் கையில் ஒலிப்பதிவு வசதியுள்ள போனைக் கொடுக்கவே கூடாது. மகள் யாழினி பிறந்ததிலிருந்து, அவள் போட்ட ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனிக் கோப்பாகச் சேமித்தேன். (டாக்டர் கேட்டால்?) அழுகை, இருமல், சிரிப்பு, மழலை என்று ஃபோல்டர்கள், ஆயிரக்கணக்கில் துணுக்குகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் என் குரல்: "இது பசி அழுகைன்னு நினைக்கிறேன்."

மழலையில்தான் பொக்கிஷம் இருந்தது: "அப்பா". மின்விசிறி, காக்கா எல்லாவற்றையும் அப்படிக் கூப்பிட்டவள், சொந்த அப்பா எதிரே வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். என் கணவர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். போனால் வாரக்கணக்கில் கடல், சிக்னல் கிடையாது. படகின் பாட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்கட்டும் என்று, அவருக்குச் சொல்லாமல் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்ற ஆரம்பித்தேன்.

அவர் கிளம்பும் நேரம்வரை கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு பாதிகூட நகரவில்லை. அதே படகில் போகும் கொழுந்தன் தாஸ் வாசலில் பைக்கை உறுமவிட்டான்.

"இன்னா அண்ணி பண்ணிகினு கீற? நேத்து முழுப் படம் ஏத்துனேன், டீ கூட ஆறல!"

முழு வஞ்சிரத்தை ஒரே தூக்கில் பெட்டியில் வைக்கலாம். நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்து, பேர் எழுதி, இடம் ஒதுக்கி வைத்தால்? சின்னக் கோப்புகளின் கதி அதுதான். அளவு கொஞ்சம், சடங்கு அதிகம். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பதிவாக்கியிருந்தால் சட்டென்று ஏறியிருக்கும். 'அப்பா'வையாவது முதலில் ஏற்றியிருக்கலாம். (கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிக்கு இதெல்லாம் படகு போனபிறகுதான் தோன்றியது.)

"அண்ணன் கத்தினு கீது, குடு!" தாஸ் பிடுங்கிக்கொண்டு பறந்தான். அகர வரிசையில் ஏறிய கோப்புகள் 'அழுகை'யைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

படகு திரும்பிய அன்று குழந்தையோடு துறைமுகத்துக்கு ஓடினேன்.

"ஆசையா போட்டேம்மா. அழுக. அடுத்தது தட்டுனா அதுவும் அழுக," என்றார் கணவர். "நான் போனா புள்ள இப்டித்தான் அழுவுதுன்னு காட்டவா குடுத்த?" சிரித்தபடிதான் கேட்டார், கண் சிரிக்கவில்லை.

பதறிப்போய் போனில் அந்த ஒன்றைப் போட்டேன். முதலில் என் குரல்: "இது அப்பாவைத்தான் சொல்றாள்னு நினைக்கிறேன்." பிறகு, "அப்பா".

"இன்னொரு தபா போடு," என்றார். போட்டேன். மறுபடியும் கேட்டார். இடுப்பிலிருந்த யாழினி ஐஸ் பெட்டியைப் பார்த்து, "அப்பா" என்றாள்.

படகுக்காரர்கள் அதோடு விட்டார்களா? என் குரலைப் படகில் மனப்பாடம் செய்த கூட்டம், எந்தக் குழந்தை அழுதாலும் "பசி அழுகைன்னு நினைக்கிறேன்" என்று ராகம் இழுக்கிறது. யாழினி இப்போது பள்ளிக்குப் போகிறாள். போன வாரம் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தவள், விம்மலுக்கு நடுவே தானே அறிவித்தாள்:

"இது வலி அழுகைன்னு நினைக்கிறேன்."