வணக்கத்துக்குப் பின்னால் நின்ற வெள்ளம்

செவிநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே வளர்க்கும் கோழிக்கும் வரி உண்டு. மைனாவுக்கு மட்டும் இல்லை. அதை அரசரே வீட்டுக்கு ஒன்றாக இனாமாகக் கொடுத்திருந்தார். காதில் சொன்னதை வாங்கிக்கொண்டு, சொன்ன வீட்டுக்குப் பறந்துபோய், சொன்னவர் குரலிலேயே ஒப்பிக்கும் மைனா.

ஆற்றங்கரை ஊரில் இருந்த பிச்சம்மாளுக்கு அது தெய்வம். மகளை மலைக்கு அப்பால் கட்டிக்கொடுத்திருந்தாள். முன்பெல்லாம் சந்தைக்கு யாராவது வந்து சொன்னால்தான் சேதி. இப்போது பேத்தி பிறந்த அன்றே மைனா வந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரியே வீறிட்டு அழுதது.

"கேட்டியளா? உங்கம்மா அழுத மாரியே இருக்கு."

"எங்கம்மா என்னைக்கு அழுதா? அடுத்தவங்கள அழவச்சுதான் பாத்துருக்கேன்" என்றார் அவள் கணவர் கொம்பையா.

அவர் ஆற்று நடுவில் மணல்திட்டில் வெள்ளரி போட்டிருந்தார். மேலே அணை திறந்தால் கரையிலிருக்கும் மணி அடிக்கும். திட்டில் இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள்.

செய்தி அமைச்சர் ஊருக்கு வந்தார். "மணி எல்லோரிடமும் ஒன்றையே கத்துகிறது. மைனாவோ உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கிறது. குடிமக்களே, எது மரியாதை?"

வாக்கெடுப்பு நடந்தது. மைனா வென்றது. மணியை இறக்கியபோது பிச்சம்மாள் குலவையிட்டாள்.

"அதும் இருந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்கு?" என்றார் கொம்பையா.

"மக கொரல விட மணி பெருசாப் போச்சோ ஒங்களுக்கு?"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திட்டுக்குப் போனார்.

தினமும் அந்தியில் மைனாக்களெல்லாம் அரண்மனைத் தோப்பில் போய் அடைந்தன. ஒருநாள் கொம்பையா வீட்டுக்குள் இருந்து வெள்ளரி வரியைத் திட்டினார்; மறுநாளே வரிக்காரர் வாசலில் நின்றார். "அது முன்னால பேச்சக் குறைங்க" என்றாள் பிச்சம்மாள். அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

செவிநாட்டார் மரியாதைக்காரர்கள். வணக்கம் சொன்னவருக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் வாயில் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். விடிந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் மைனா விட்டார்கள். அரசர் மனம் குளிர்ந்து ஆணையிட்டார்: முதலில் அரசரின் பொன்மொழி. பிறகு குடிகளின் வணக்கங்கள். மற்றவை அதன் பிறகு. வரிசை மீறும் மைனாவின் சிறகு நறுக்கப்படும்.

கோடையில் ஒருநாள் மலையில் பெருமழை. கொம்பையா விடியலிலேயே திட்டுக்குப் போயிருந்தார். மைனாக்கள் வந்து பிச்சம்மாள் எதிரில் வரிசையாக இறங்கின.

"நதியைப் போல் நிதானமாக இரு" என்றது முதல் மைனா, அரசர் குரலில். பிறகு சம்பந்தியின் வணக்கம். நாத்தனாரின் வணக்கம். பெயர்கூட நினைவில்லாத யாரோ ஒருவரின் வணக்கம். ஒவ்வொன்றுக்கும் அவள் குறையில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓர் அந்நியக் குரல்: "அணை திறந்தாயிற்று. திட்டில் இருப்போர் கரையேறவும்."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது திட்டைக் காணவில்லை. வெள்ளரிக்கொடிகள் சுழன்றுகொண்டு போயின.

அமைச்சர் விசாரணைக்கு வந்தார்.

"செய்தி வந்து சேர்ந்ததா, இல்லையா?"

"சேந்துச்சுய்யா."

"தெளிவாகக் கேட்டதா?"

"தெளிவாத்தான் கேட்டுச்சு."

"ஆக, அரசு தன் கடமையில் தவறவில்லை." உதவியாளரிடம் திரும்பினார். "எழுதிக்கொள். வெள்ளம் அவசரப்பட்டுவிட்டது."

ஆற்றில் கிடைத்த கொம்பையாவின் உடலை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். கிடத்திய காவலர்கள் போய்விட்டார்கள். மகள் மலை தாண்டி வந்துகொண்டிருந்தாள். கூரை கொள்ளாமல் மைனாக்கள். ஊரிலுள்ள அத்தனை குரலிலும் "ஆழ்ந்த இரங்கல்" என்றன. ஆள் ஒருவரும் வரவில்லை. உடலைத் தனியே விட்டு எழ மனமில்லாமல், பிச்சம்மாள் தன் மைனாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலியண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள்.

"அண்ணே, தூக்குறதுக்கு நாலு பேரு வேணும்."

வெயில் ஏறியபோது அது திரும்பி வந்தது. சங்கிலியண்ணனின் குரலில், பாசம் குறையாமல் சொன்னது:

"ஊர்ல எல்லாருக்கும் சொல்லிவிட்டுட்டேன் தங்கச்சி."