கரண்டுக்கு மாற்றாள் தேடிய ஸ்டீம் அண்ணை

சுவிட்சர்லாந்தில் எத்தனையோ விசரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மின்சார ஒப்பந்தத்தைக் கலியாணத்துக்கு நிற்கும் பிள்ளையைப் போல ஊர் ஊராகப் பேசித் திரிந்து, பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் கொடுத்தவர் எங்கள் ஸ்டீம் அண்ணை ஒருவர்தான். யாரும் மறுப்பு எழுதவேண்டாம். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் அவருக்கு ஓர் இடியப்பத் தொழிற்சாலை. நாடு முழுவதும் தமிழ்க் கடைகளுக்குப் போகும் இடியப்பமும் பிட்டும் அங்கேதான் அவியும். முன்பக்கம் இடியப்பத்துக்கு ஒரு பெரிய ஸ்டீமர், பின்பக்கம் பிட்டுக்கு ஒன்று. இரண்டும் கரண்டை மாடு தண்ணீர் குடிப்பதுபோல் குடிக்கும். அண்ணை காலையிலிருந்து அந்த ஆவிக்குள்ளேதான் நிற்பார். முதலில் குரல் வரும், பிறகு வயிறு வரும், கடைசியில்தான் முகம். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கு ஞாபகம் இருந்திருக்கலாம்.

இடியப்பம் பதமா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றுவார். ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் இதைக் கண்டுவிட்டார்.

"இது என்ன?"

"தெர்மோமீற்றர்" என்று அண்ணை தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார்.

ஒற்றிய இடியப்பம் விற்பனைக்குப் போகக்கூடாது என்று பரிசோதகர் கட்டளை போட்டார். சரி என்று அண்ணை அதைத் தானே சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒரு தட்டுக்கு ஒன்று ஒற்றிய மனிதர் நாலு ஒற்றத் தொடங்கினார்.

இனி ஒப்பந்தக் கதை. ஐரோப்பாவில் சண்டை தொடங்கி, குளிர்காலத்தில் கரண்ட் நின்றுவிடும் என்று எல்லோரும் மெழுகுதிரி வாங்கி அடுக்கிய, கரண்ட் விலையும் கூரைக்கு ஏறிய வருடம் அது. இந்த நாட்டில் பெருமளவு மின்சாரம் எடுக்கும் தொழிலிடங்கள் யாரிடம் வாங்குவது என்று தாங்களே தீர்மானிக்கலாம். ஒரு தரகர் வந்தார். பல வருடத்துக்கு ஒரே விலை, ஏறவே ஏறாது என்றார். இறங்கவும் இறங்காது என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் வாசலில் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாற வெள்ளைக்காரன் பொய் சொல்லமாட்டான்" என்று சொல்லி அண்ணை கையெழுத்துப் போட்டார். வாசித்தாரா? இல்லை. வாசிக்கச் சொல்லிக் கத்தினேனா? கத்தினேன்.

பிறகு கரண்ட் நிற்கவில்லை. விலைதான் இறங்கியது. ஊரெல்லாம் இறங்கியது. எங்கள் விலை மட்டும் மலை உச்சியில் ஏறிய ஆடு மாதிரி இறங்க மாட்டேன் என்று நின்றது.

ஒரு திங்கட்கிழமை அண்ணை எங்களைக் கூப்பிட்டார். "இப்பிடியே போனால் பின்பக்க ஸ்டீமரை நிப்பாட்டவேண்டி வரும்" என்றார்.

பின்பக்க ஸ்டீமர் என்றால் மலர் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும், பிட்டுப் பெட்டிகளைத் தொழிற்சாலை வானில் ஏற்றிக் கடை கடையாக ஓட்டிப்போய் இறக்கும் நானும்.

"அப்ப நாங்கள்?" என்று மலர் அக்கா கேட்டார்.

அண்ணை ஓர் இடியப்பத்தை எடுத்துக் கன்னத்தில் ஒற்றினார். முதல்முறையாக, ஒற்றிய இடியப்பத்தைச் சாப்பிடாமல் வைத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மின்சாரக் கம்பனிக்கு நான்தான் ஜேர்மனில் போன் எடுத்தேன். இடையில் விலகலாம், ஆனால் கடைசி நாள்வரைக்குமான வித்தியாசத்தைக் கட்டிவிட்டுத்தான் போகலாம் என்றார்கள். அப்படிக் கட்டுவதென்றால் இரண்டு ஸ்டீமரையும் விற்கவேண்டும். போனை வைத்துவிட்டு நல்ல தமிழில் நாலு வார்த்தை சொன்னேன். அதை இங்கே அச்சிட மாட்டார்கள்.

அண்ணை சிரித்தார். "எடேய், இதுக்கேன் கத்துறாய்? மாற்றாளைப் பிடிச்சுக் குடுப்பம்."

இங்கே வாடகை வீட்டைத் தவணைக்கு முன் விட்டுப் போகிறவர், தனக்குப் பதிலாகப் பொருத்தமான ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தால் தப்பிவிடலாம். ஜேர்மனில் நாஹ்மீற்றர் என்பார்கள். இந்த நாட்டில் மாற்றாள் பிடிக்காத தமிழன் இல்லை. அண்ணை நாலு வீட்டுக்குப் பிடித்தவர். வீட்டுக்குச் சரிவந்தது கரண்டுக்குச் சரிவராதா என்பது அவருடைய வாதம்.

"அண்ணை, அது வீடு, இது கரண்ட்!"

"ரெண்டுக்கும் மாதாமாதம்தானே கட்டுறம்?"

அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது.

கோயிலில் தொடங்கினார். ஃப்ரிபூர்க்கில் ஒரு கலியாணவீட்டில் தாலி கட்டி முடிவதற்குள் மூன்று கடைக்காரரைப் பிடித்துவிட்டார். "நல்ல ஒப்பந்தம் ஒண்டு கைவசம் இருக்கு. அடக்கமானது. விலை ஆடாது, அசையாது." ஒருவர் சாதகம் இருக்கிறதா என்று கேட்டார். நக்கல் என்று அண்ணைக்கு விளங்கவில்லை. ஒப்பந்தம் தொடங்கிய நாளையும் நேரத்தையும் சொன்னார்.

வீடு பார்க்க விடுவதுபோல, மீற்றர் பார்க்க ஒரு சனிக்கிழமை குறித்தார். மீற்றர் பெட்டியைப் பல் தூரிகையால் தேய்த்துக் கழுவினார். "கரண்ட் பெட்டிக்குள்ள தண்ணி விடாதேங்கோ, நீங்களும் அவிஞ்சு போவியள்!" என்று மலர் அக்கா அலறினார். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து, பிட்டுச் சாப்பிட்டு, மீற்றர் வடிவாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் ஓர் ஆள் அகப்பட்டது. மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று. முதியோர் இல்லத்தில் வேலை செய்து சேர்த்த காசில் பக்கத்து மண்டபத்தை எடுத்துத் துணி வெளுக்கும் நிலையம் தொடங்க இருந்தது. அண்ணை தன் கையால் எழுதிய மாற்றாள் பத்திரத்தை நீட்டினார். அந்தப் பிள்ளை உடனே பேனையைத் திறந்தது.

எனக்குச் சந்தோசம். பிட்டு பிழைத்தது, வான் பிழைத்தது, நான் பிழைத்தேன்.

"பொறு பிள்ளை" என்றார் அண்ணை. "ஒப்பந்தத்தை வாசிச்சனீயோ?"

"இல்லண்ண. நீங்க எங்கட ஆக்கள்தானே. பொய் சொல்லுவீங்களா?"

ஆவி இல்லாத இடத்தில் அவருடைய முகத்தை முழுதாக அன்றுதான் பார்த்தேன். கடதாசியைப் பிடுங்கினார். "எங்கட ஆக்களெண்டா வாசிக்காமல் கையெழுத்தோ? விசரே உனக்கு? இது நாசமாய்ப்போன விலை! ஓடு, ஓடு!" அந்தப் பிள்ளை பயந்துபோய்க் கதவடிக்கு ஓட, பின்னாலேயே ஓடி ஒரு பெட்டி பிட்டைக் கையில் திணித்து அனுப்பினார்.

நான் வெடித்தேன். "வந்த ஆளைக் கலைச்சுப்போட்டியளே! எங்கட வேலை என்னாகிறது?"

"சாமானை விக்கலாமடா. தலையிடியை விக்கேலாது. நாளைக்கு வானை எடு. நான் கதைக்கிறன்."

அடுத்த நாள் பேர்ண் நகரத்தில் அந்தக் கம்பனி அலுவலகம். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். அண்ணையின் ஜேர்மனுக்குக் காலும் இல்லை, தலையும் இல்லை. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "நான் மாற்றாள் பிடிச்சது. நல்ல பிள்ளை. நான் குடுக்கேல்லை. ஏன்? உங்கட விலை பிழை. மனுசருக்குக் குடுக்கேலாது."

"மின்சாரத்துக்கு மாற்றாளா?" என்று அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டார். அப்படி ஒன்று கிடையவே கிடையாதாம். அந்தப் பத்திரத்தில் ஊரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாதாம். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்கள் கணக்கைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: விலக விடமுடியாது. ஆனால் இன்னும் சில வருடம் தங்களோடு இருப்பதென்றால், பழைய விலையையும் இன்றைய விலையையும் கலந்து, அடுத்த மாதத்திலிருந்தே குறைத்துத் தரலாம்.

"விவாகரத்துக்கு வந்த இடத்தில ரெண்டாந் தாலியோ!" என்று நான் எழும்பினேன்.

"இரடா. வாசி. ஒரு எழுத்து விடாமல் வாசி."

வாசித்தேன். ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "இதில ஆருக்குப் பாதகம்?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசிப் பக்கம் முடிந்ததும் அண்ணை என்னைப் பார்த்தார்.

"பின்பக்க ஸ்டீமர் ஓடுமோ?"

போனில் தட்டிக் கணக்குப் பார்த்தேன். இரண்டாம் தரமும் பார்த்தேன்.

"ஓடும், அண்ணை."

கையெழுத்துப் போட்டார். மலர் அக்காவுக்குப் போன் எடுத்து, "நாளைக்குப் பிட்டுக்கு மாக் குழை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

திரும்பி வரும்போது வானில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். காது மடலில் காய்ந்த மா ஒட்டியிருந்தது. யாருக்காகவும் மெதுவாக ஓட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு ஓட்டினேன்.